ஒலிபெருக்கிக்குச் செவி வேண்டுமோ?

சென்ற ஐப்பசித் திங்களில் ஓரிரவு, விடுதியில் யான் என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் பாடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் பிறவியிலேயே கண்ணொளி இழந்தவன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் எங்களுள் அவனே முதல்வன். நூலைத் தானே படித்துக் காட்டும் கருவி அவன் கைப்பேசியில் உண்டெனினும், பழைய உரைநூல்கள் பல அக்கருவிக்கு இன்னும் வயப்படாமையின், அவற்றை மாலைதோறும் படித்துக் காட்டுவது என் கடமை. அன்று தலைக்குமேல் மின்விசிறி கடகடவென்று சுழன்றுகொண்டிருந்தது. தெருமுனையில் ஏதோ ஒரு விழா. கூம்புக் குழாய் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. யான் படித்துக்கொண்டே சென்றேன். திடீரென்று மின்சாரம் நின்றது. விசிறி ஓய்ந்தது, விழாப்பாட்டும் வாயடைத்தது. பாதியில் நின்ற வாக்கியத்தை நினைவிலிருந்து முடித்த என் குரல் ஒன்றே இருளில் தனித்து நின்று, மூன்றாம் அறைவரையிற் சென்று முழங்கியது. தோழன் நகைத்தான். "ஏனப்பா இப்படிக் கத்துகிறாய்? எனக்குக் கண்தானே இல்லை, காது இருக்கிறதே!" என்றான்.

அவன் நகைத்தது எனக்கு நாணந் தந்ததாயினும், பின்னர் நெடுநேரம் சிந்திக்கவும் வைத்தது. உரக்கப் படிக்கவேண்டுமென்று யான் எண்ணினேனல்லேன். எவரும் என்னைப் பணித்தாருமல்லர். விசிறிக்கும் பாட்டுக்கும் ஈடாக என் மிடறு தன்னைத்தானே முடுக்கிக்கொண்டது. அவை நின்றபின்னும் நாலைந்து சொல்வரையில் அம்முடுக்கம் நீடித்தமையாலன்றோ அது வெளிப்பட்டது! இல்லையேல் அன்றிரவு முழுதும் கத்தியிருந்தும் யான் அமைதியாகப் படித்ததாகவே நினைத்துக்கொண்டு உறங்கியிருப்பேன்.

இவ்வியல்பை ஆராய்ந்து உலகுக்கு வெளியிட்டவர் பாரிசு நகரத்துச் செவிநோய் மருத்துவராகிய எத்தியேன் லொம்பார் என்பவர், ஆண்டு 1911. ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் அவர் செவியிற் கருவியால் இரைச்சலைச் செலுத்தின், அவர் குரல் உடனே உயர்வதையும், இரைச்சலை நிறுத்தியதும் குரல் பழைய நிலைக்கு இறங்குவதையும், இவ்விரண்டையும் பேசியவரே உணராமையையும் அவர் கண்டார். ஒரு செவி கேளாதென்று பொய் சொல்வாரைக் கண்டுபிடித்தற்கும் இது பயன்பட்டது. நல்ல செவியில் இரைச்சலை நிரப்பினால், மெய்யாகவே மறுசெவி கேளாதவர் குரல் மேலெழும். பொய்யர் குரலோ, மறுசெவி தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருத்தலின், அவ்வாறு எழாது. நா பொய் சொல்லினும் மிடறு பொய் சொல்லாது போலும்! மக்கட்கு மட்டுமே இஃது உரியதன்று. நைட்டிங்கேல் என்னும் இராப்பாடிப் பறவைகள் பெர்லின் நகரத்தில் வண்டியிரைச்சல் மிகுந்த இடங்களில் உரக்கப் பாடுகின்றன என்றும், வார இறுதி நாட்களைக் காட்டினும் வேலைநாட் காலையில் அவற்றின் குரல் மிகுகின்றது என்றும் ஹென்றிக் பிரும் என்னும் ஆய்வாளர் 2004-ஆம் ஆண்டில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை இன்னதென்று பறவைக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியும்.

இச்செய்தியை இம்மலரில் எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. நம் பழைய மாணவர் சங்கத்தார் பேரவை மண்டபத்துக்குப் புதியதோர் ஒலிபெருக்கி அமைப்பை நன்கொடையாக வழங்க முன்வந்துள்ளனர். மண்டபத்தின் இரைச்சலைத் தானே அளந்து, அதற்கேற்பத் தன் ஒலியளவைத் தானே ஏற்றவும் இறக்கவும் வல்ல பகுதி ஒன்றும் அதன்கண் அமையுமாம். அது வேண்டுமென்பாரும் வேண்டாவென்பாரும் விடுதியின் உணவுக்கூடத்திற் சொற்போர் நிகழ்த்தி வருகின்றனர். (அப்போரே அக்கூடத்தின் இரைச்சலை மிகுவித்து, லொம்பார் கண்ட உண்மைக்கு நாள்தோறும் சான்று பகர்கின்றது.) யான் வேண்டுமென்னும் கட்சியினன். ஆயினும் அக்கட்சியார் கூறும் காரணங்களுட் பெரும்பாலானவற்றை யான் ஏற்கவில்லை. அவர்கள் அக்கருவி உரக்கப் பேசும் என்பதற்காக அதனை விழைகின்றனர். யான் அது தணிந்து பேசும் என்பதற்காக விழைகின்றேன்.

குரல் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதனைக் குரல் மட்டும் வரையறுப்பதில்லை. 1739-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்தில் ஜார்ஜ் விட்பீல்டு என்னும் ஆங்கில நற்செய்தியாளர் நீதிமன்றப் படிமேல் நின்று திறந்தவெளியிற் பேசினார். கேட்டிருந்தோருள் பெஞ்சமின் பிராங்கிளினும் ஒருவர். பிறர் பேச்சில் உள்ளத்தைச் செலுத்த, அவர் மட்டும் பின்னோக்கி நடந்து, குரல் எதுவரையிற் கேட்கின்றதென்று அளக்கத் தொடங்கினார். ஆற்றை நோக்கிச் செல்லும் தெருவில் நெடுந்தொலைவு தெளிவாகக் கேட்டுவந்த குரல், முன்தெரு என்னும் குறுக்குத்தெருவை அணுகியதும் அத்தெருவின் சந்தடியில் மறைந்தது. அத்தொலைவை அரைவட்டத்தின் ஆரமாகக் கொண்டு, ஒருவர்க்கு இரண்டு சதுர அடி வைத்துக் கணக்கிட்டு, முப்பதாயிரவர்க்கு மேற்பட்டோர் அக்குரலைக் கேட்கலாமென்று பிராங்கிளின் தம் வரலாற்றில் எழுதிவைத்தார். ஒலிபெருக்கி பிறத்தற்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. இதனைக் கூறுவோர் அனைவரும் விட்பீல்டின் மிடற்றை வியப்பர். என் தோழனுக்கு இதனைப் படித்துக் காட்டியபோது அவன் வேறொன்றைக் கூறினான்: "குரலை நிறுத்தியது முன்தெரு, அத்தெரு அன்று ஓய்ந்திருந்தால் பிராங்கிளின் ஆறுவரைக்கும் நடந்திருப்பார்."

உண்மையே. சொல் விளங்குதற்கு வேண்டுவது ஒலியின் பெருக்கமன்று. சூழிரைச்சலுக்கும் சொல்லுக்கும் இடையேயுள்ள வேற்றுமை. ஒலியை அளக்கும் டெசிபெல் என்னும் அளவையில், சொல்லானது இரைச்சலினும் ஏறத்தாழ 10 முதல் 15 வரையில் மேம்பட்டிருப்பின் போதும் என்பது இத்துறையார் கைக்கொள்ளும் நெறி. அதற்குமேல் ஏற்றுவதால் தெளிவு பெரிதும் வளர்வதில்லை. 80 டெசிபெலைக் கடந்தபின் செவி தன்னாலேயே மயங்குதலின் தெளிவு குறையவுந் தொடங்கும். இவ்வளவை மற்றை அளவைகளைப் போன்றதன்று. பத்து டெசிபெல் ஏற்றவேண்டின் ஆற்றலைப் பத்து மடங்காக்க வேண்டும். செவிக்கோ அஃது இருமடங்காகவே தோன்றும். நூறு மடங்கு ஆற்றல் செலவிட்டும் கேட்போர் "கொஞ்சம் கூட்டுங்கள்" என்றே கூறுவது இதனாலாகும்.

இனி, அக்கருவி செய்வது யாதென்று சுருங்கக் கூறுவேன். மண்டபத்தின் மேற்புறத்தில், கேட்போர்க்கு அணித்தாக, ஓர் ஒலிவாங்கி தொங்கும். அது பேச்சுக்கன்று, இரைச்சலைக் கேட்டற்கு. இரைச்சல் ஏறின் அமைப்பு ஒலியை ஏற்றும், இறங்கின் இறக்கும். விமான நிலையங்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் இத்தகையன பல இயங்குகின்றன. மோட்டார் வண்டிகளிலும் உண்டு: சில வண்டியின் வேகத்தை நோக்கி ஒலியை ஏற்றும், சில வண்டிக்குள் ஒலிவாங்கி வைத்து உள்ளிரைச்சலையே அளக்கும்.

இதன்கண் ஓர் இடர் உண்டு. அதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இரைச்சலைக் கேட்கும் அச்செவி ஒலிபெருக்கியின் குரலையும் கேட்குமன்றோ? தன் குரலையே இரைச்சலென்று கருதின், அதனை விஞ்ச ஏற்றும். ஏற்றிய குரலை மீண்டும் கேட்டு மீண்டும் ஏற்றும். முடிவில் உச்சத்திற் சென்று முட்டும். இதனைத் தவிர்க்க வகுத்த வழிகளுள் எளியது, பேச்சின் இடைவெளிகளில் மட்டும் இரைச்சலை அளந்து, பேச்சு நிகழுங்கால் அவ்வளவிலேயே நிலைநிற்றல். புகைவண்டி நிலையத்து அறிவிப்புக்கு இது சாலப் பொருந்தும். அறிவிப்புக்கு முன் ஒருகணம் கேட்டுக்கொள்ளும், பின் பேசும். வேறு சில அமைப்புகள் தாம் அனுப்பிய ஒலி இன்னதென்று அறிந்து, கேட்டதினின்று அதனைக் கழித்து, எஞ்சியதையே இரைச்சலெனக் கொள்ளும். எங்ஙனமாயினும், பிறர் ஒலியையும் தன் ஒலியையும் பகுத்தறிதலே இக்கருவிக்கு முதற் பாடம். மக்களுள்ளும் இப்பாடம் பயிலாதார் சிலர் உளர். அவர்களைப்பற்றி எழுதுதற்கு இஃது இடமன்று.

இவ்விடர் கருவியோடு ஒழியின் பொறிவல்லுநர் பார்த்துக்கொள்வர். அது மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நம்மிடத்தும் உண்டென்பதே என் கவலை. சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு பெருங்கூட்டத்தை நினைவுகூர்மின். கருவி வாடகைக்கு வந்தது; தானியங்குவதன்று; மேடைக்கருகே மைக்செட்காரர் ஒருவர் திருகியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். வரவேற்புரையின்போது பின்வரிசையார் தமக்குள் பேசினர். பேச்சு கேட்கவில்லையென்று முன்னின்று யாரோ கைகாட்ட, அவர் ஒலியைக் கூட்டினார். ஒலி கூடியதும், தம் பேச்சுத் தமக்கே கேளாமையின், பின்வரிசையார் தம்மையறியாமலே குரலை உயர்த்தினர். அவர் மேலும் கூட்டினார். இவ்வாறு இருதிறத்தாரும் படியேறிப் படியேறி, ஒலிவாங்கி ஊளையிடும் எல்லையை அடைந்தனர். லொம்பார் அங்கிருந்திருப்பின் இரு மிடறுகளைக் கண்டிருப்பார்: ஒன்று தசையாலாயது, மற்றொன்று கம்பியாலாயது.

அன்று என் தோழன் கிழக்கு வாயிலுக்கு அணித்தாக இருந்தான். விடுதியிலிருந்து நூலகம்வரையில் கோலின்றியே நடப்பவன் அவன். சுவர் அருகிருப்பதைத் தன் காலடி திரும்பி ஒலிக்கும் வகையால் அறிவான். வாயில் திறந்திருப்பதைக் காற்றின் ஒலியால் அறிவான். எதிர் வருபவர் இன்னாரென்று செருப்பொலியாற் சொல்லிவிடுவான். அன்றோ அவனுக்கு அவற்றுள் ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து வெளியே செல்ல முயன்று, நாற்காலியில் இடறி, என் கையை இறுகப் பற்றிக்கொண்டான். "இன்றைக்குத்தான் எனக்கு இருட்டு" என்றான். மூன்றாண்டுப் பழக்கத்தில் அன்றுதான் அவன் எனக்கு முதன்முதலாகப் பார்வையற்றவனாகத் தோன்றினான். அவன் பார்வையை அன்று பறித்தவர் நாங்கள். இருநூறு மின்விளக்குகளை நம் கண்ணுக்கு நேரே கொளுத்திவிட்டு, "நன்றாகத் தெரிகிறதா?" என்று ஒருவர் வினவுவாராயின் நாம் பொறுப்போமா?

பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். சிறப்புரையாற்ற வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முதியவர், மெல்லிய குரலினர். அவர் ஒலிவாங்கியின்முன் வந்து, ஒன்றும் பேசாது நின்றார். பின் மைக்செட்காரரை நோக்கி, "தம்பி, பாதியாகக் குறைத்துவிடுங்கள்" என்றார். கூட்டுமாறு வேண்டுவோரையே கண்டு பழகிய அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெளிந்தே குறைத்தார். அம்மையார் இன்னும் பேசவில்லை. அரைநிமிடம் கழிந்திருக்கும். முதலில் நடுவரிசை அடங்கிற்று; அப்பால், தம் குரலே மண்டபத்தில் ஒலிப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் பின்வரிசை அடங்கிற்று. அதன்பின் அவர் நாற்பது நிமிடம் பேசினார். கடைசி வரிசையில் யான் ஒரு சொல்லும் இழந்திலேன்.

இதனால் யான் கண்டது இது: இரைச்சல் இருவகைத்து. ஒன்று செவியில்லாத இரைச்சல். மழை, மின்விசிறி, நெடுஞ்சாலையிற் செல்லும் பேருந்து முதலியன. மற்றொன்று செவியுள்ள இரைச்சல், அது நாமே. செவியில்லாததை நோக்கி ஒலியை ஏற்றினால் அது மாறு செய்யாது. ஒலிபெருக்கி உரத்ததென்று மழை தானும் உரத்துப் பெய்வதில்லை. செவியுள்ளதை நோக்கி ஏற்றினால் அதுவும் ஏறும். முன்னதற்கு ஏற்றலே மருந்து. பின்னதற்கு இறக்கலே மருந்து. மேலே தொங்கும் ஒலிவாங்கிக்கு இவ்விரண்டும் ஒன்றே. அதற்கு எண் தெரியும், ஆள் தெரியாது. ஆதலின், கூட்டம் நிறைந்து மாணவர் ஆரவாரிக்கும் நாட்களில் அப்பகுதியை நிறுத்திவைத்து, திருகியை ஒரு மனிதர் கையிற் கொடுத்தல் வேண்டும். மழைநாட் காலைவழிபாட்டுக்கும், விசிறிகள் சுழலும் கோடைக்காலச் சொற்பொழிவுக்கும் கருவியே காவல் நிற்கட்டும்.

"அம்மனிதரே எந்நாளும் போதுமே, கருவி எதற்கு?" என்று வினவுவார்க்கு விடை கூறுவேன். திருகி பிடிப்பவர் அமர்வது மேடைக்கருகே. கேளாது இடர்ப்படுவோர் அமர்வது கடைசியில். அவர் செவி ஒரு மண்டபத்திலும் நம் செவி வேறொரு மண்டபத்திலும் உள்ளன எனலாம். பின்வரிசைக்கு மேலே தொங்கும் செவி அக்குறையை நீக்கும். அன்றியும், மழை தொடங்கியதும் ஒலியைக் கூட்டுவதற்கு நம்மவர் மறப்பதில்லை. மழை நின்றபின் குறைப்பதற்கு நினைப்பாரை யான் கண்டதில்லை. கேளாதபோது பலர் கை உயர்த்துவர். மிகையாகக் கேட்கும்போது எவரும் உயர்த்துவதில்லை. செவியைப் பொத்திக்கொண்டு பொறுமையைப் பயில்வர். ஆகவே மனிதர் கையிலுள்ள திருகி காலையினின்று மாலைவரையில் ஒருபக்கமாகவே திரும்புகின்றது. ஓசையை எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நம் முன்னோர் பகுத்தனர். அவை குரலின் ஏற்றத்தாழ்வு பற்றியனவேயன்றி ஒலியின் மிகுதி குறைவு பற்றியனவல்ல என்று என் ஆசிரியர் திருத்துவர், திருத்துக. எடுத்தல் ஒன்றையே கற்ற ஒலிபெருக்கிகளிடையே வளர்ந்தவன் யான். படுத்தலும் அறிந்த ஒன்றைக் காண விரும்புகின்றேன்.

ஒலிபெருக்கியே வேண்டா, அமைதியே சிறந்தது என்பாரும் உளர். அவர் கூற்றில் இனிமை உண்டு, இரக்கம் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைச் சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தில் ஒலியறிவிப்புகளை நிறுத்திவிட்டு, எழுத்துப் பலகைகளால் மட்டும் வண்டிகளை அறிவிக்கத் தலைப்பட்டனர். படிக்க அறியாதாரும் பார்வையற்றாரும் யாது செய்வர் என்ற வினா எழவே, சில நாட்களுள் ஒலியறிவிப்பு மீண்டும் தொடங்கிற்று. என் தோழனுக்கு மிகையொலி இருட்டென்றால் ஒலியின்மையும் இருட்டே. அவனுக்கு வேண்டியது, சொல் விளங்கும் அளவுக்கு உயர்ந்து, காலடி மறையாத அளவுக்குத் தாழ்ந்த ஒலி. அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வழி குறுகியது. இரைச்சல் மாறுந்தோறும் அதுவும் மாறுவது. அதனைக் கணந்தோறும் தேடிச் செல்வதற்கு ஓயாத செவி வேண்டும் என்பதனாலேயே யான் இக்கருவியை விழைகின்றேன்.

இதற்கு ஓர் எல்லை கட்டுதல் இன்றியமையாதது. அதனை நம் நாட்டுச் சட்டமே கற்பிக்கின்றது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்றும், அமைதி மண்டலமென அறிவிக்கப்பட்ட இடத்துக்குப் பகலில் 50, இரவில் 40 என்றும் அளவு வகுத்துள்ளனர். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைப்போர், அவ்விடத்தின் எல்லையில், அப்பகுதிக்கு வகுத்த அளவினும் 10 டெசிபெலுக்கு மேலோ, 75 டெசிபெலுக்கு மேலோ, இவற்றுள் எது குறைவோ அதனைக் கடத்தலாகாது. இதன்கண் உற்றுநோக்கத்தக்கது ஒன்று. பத்து டெசிபெல் மிகலாம் என்ற விதி, அங்கு அப்போது நிகழும் இரைச்சலினும் பத்து மிகலாம் என்று கூறவில்லை. வகுத்த அளவினும் பத்து என்றே கூறுகின்றது. முன்னதைக் கூறியிருப்பின் என் ஆகும்? ஒரு தெருவில் இரு ஒலிபெருக்கிகள் எதிரெதிரே நிற்கின்றன என்று கொள்வோம். ஒன்றன் ஒலி மற்றொன்றுக்கு இரைச்சல். ஒவ்வொன்றும் மற்றதனினும் பத்து மிக முயலும். சட்டத்தை எள்ளளவும் மீறாமலே இரண்டும் வான்முகட்டை எட்டும்.

இஃது என் கற்பனையன்று. மார்கழித் திங்களில் எங்கள் ஊர்த் தெருவில் விடியற்காலத்தே நிகழ்வது இதுவே. அத்தெருவில் மூன்று சமயத்தாரின் கூம்புக் குழாய்களும் உள. எங்கள் கோயில் மணிக்கூண்டின்மேல் நான்கு திசைக்கும் நான்கு குழாய்கள் இருப்பதை யான் மறைக்கவில்லை. முதலிற் கூட்டியவர் யாரென்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுவர். ஒவ்வொருவர் கூற்றும் ஒருவகையில் உண்மையாக இருத்தல் கூடும். தம்மையறியாமற் குரலுயர்த்துவதன்றோ மிடற்றின் இயல்பு! சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலுள்ள ஒரு கிறிஸ்தவச் சபையின் ஒலிபெருக்கியைப்பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரையிற் சென்று, 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முடிவுற்றது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடவேண்டுமென்று எச்சமயமும் விதிக்கவில்லை என்பது அம்முடிபின் சாரம். வழக்கிற் பட்டது நம்மவர் சபை என்பதனை நாம் மறத்தலாகாது. தெருவில் வைக்கும் ஒலிபெருக்கிகளுக்குச் செவி கொடுத்தலை யான் முற்றும் மறுக்கின்றேன். அவை செவிடாயிருந்தே இவ்வாறு போரிடுகின்றன. செவியும் வந்துவிடின் ஊர் தாங்காது.

மண்டபத்துக்குட்பட்ட கருவிக்கும், இவ்வளவுக்கு மேல் ஏறலாகாதென்று ஓர் உச்சியைப் பொறிவல்லுநர் பூட்டிவைத்து, பூட்டின் திறவை முதல்வர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுதல் வேண்டும். இரைச்சல் ஏறிய அளவு முழுதும் ஒலியை ஏற்றாது, ஒரு பகுதி மட்டும் ஏறுமாறு அமைத்தலும் வேண்டும். மனித மிடறு அவ்வாறே செய்கின்றது. இரைச்சல் பத்து டெசிபெல் ஏறினால் நம் குரல் பெரும்பாலும் ஐந்தோ அதனினும் குறைவோதான் ஏறும். இருவர் எதிரெதிரே பேசும்போது இவ்வளவிலா ஏற்றம் நேராது ஓரிடத்தில் நிலைபெறுவதற்கு அதுவே காரணம். படைப்பில் அமைந்துள்ள இச்சிக்கனத்தைக் கருவியிலும் பின்பற்றுதல் தக்கது.

நன்கொடையாளர்க்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. பொருளைத் தருவார்க்கு யோசனையும் தருவது மாணாக்கர்க்கு அழகன்றெனினும் பொறுத்தருள்க. நம் மண்டபத்தில் பேச்சு விளங்காமைக்கு இரைச்சல் ஒன்றே காரணமன்று. உயர்ந்த கூரையும் வெறுஞ்சுவரும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பி எறிகின்றன. முன்சொல் அடங்குமுன் பின்சொல் வந்து அதன்மேல் விழுகின்றது. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடும். எக்கருவியாலும் இதனைத் தீர்த்தல் இயலாது. 1895-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விரிவுரைக்கூடம் ஒன்றில் சொல் ஐந்தரை விநாடிவரையில் அடங்காது ஒலித்தது. அதனைச் சீராக்கப் பணிக்கப்பட்ட வாலஸ் சாபைன் என்னும் இளம் ஆசிரியர், அருகிலிருந்த அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகின்றதென்று அளந்தார். நமக்கு அத்துணை உழைப்பும் வேண்டா. பின்சுவரில் கனத்த திரைகளும் நடைவழியில் தென்னைநார் விரிப்பும் இட்டாற் பெரும்பகுதி தீரும் என்பது என் எண்ணம். ஒலிபெருக்கிக்கு ஒதுக்கிய தொகையிற் சிறு பங்கை அதற்குச் செலவிட இசைவார்களாக.

மாதிரிக் கருவியை அடுத்த திங்களில் மண்டபத்தில் வைத்து இயக்கிக் காட்டுவார்களாம். விசிறிகள் அனைத்தையும் சுழலவிட்டு ஒருமுறையும், நிறுத்தி ஒருமுறையும் சோதிக்குமாறு கேட்டிருக்கின்றேன், இயலுமாயின் மழைநாளில். சோதிக்கும்போது கிழக்கு வாயிலுக்கு அணித்தாக, அன்று அமர்ந்த அதே இடத்தில் என் தோழனை அமரவைப்பதற்கு இசைவும் பெற்றுவிட்டேன். பேச்சு நிகழ்ந்துகொண்டிருக்கையிலேயே அவன் எழுந்து, கோலின்றி, ஒருவர் கையையும் பற்றாமல் வாயிலைக் கடந்து வெளியே செல்வான். சென்றபின், உள்ளே பேசியது யாதென்று அவனைக் கேட்போம்.